மவுண்ட்பேட்டனோட அக்கா: இளவரசி ஆலிஸின் கதை



மவுண்ட்பேட்டன் பேரைக் கேள்விப்படாதவங்க நம்மள்ல யாரும் இருக்க மாட்டாங்க. ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்துல பரீட்சைக்குப் படிச்ச ஆளு. இந்தியாவோட கடைசி வைஸ்ராய். பிரிவினைத் திட்டத்துக்கே அவர் பேரைத்தான் வச்சாங்க. இன்னிக்கு அவரைப் பத்திப் பேசல. அவரை விட 15 வயசு மூத்த அவரோட அக்காவைப் பத்திப் பேசப் போறோம். பேரு ஆலிஸ். பேட்டன்பர்க் இளவரசி ஆலிஸ்.

இவங்க யாருக்கு என்ன உறவுன்னு முதல்ல சொல்லிடறேன், அப்புறம் குழப்பம் வராது. விக்டோரியா மகாராணிக்குக் கொள்ளுப்பேத்தி. ரஷ்யாவோட கடைசி பேரரசி அலெக்சாண்ட்ரா இவங்களுக்குச் சித்தி. ஸ்வீடன் ராணி லூயிஸ் தங்கச்சி. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்துக்கு மாமியார். இப்போ ராஜாவா இருக்கிற சார்லஸுக்கு அப்பத்தா. 'தி கிரவுன்' தொடர் பார்த்தவங்களுக்கு மூணாவது சீசன்ல சாம்பல் நிற கன்னியாஸ்திரி உடையில, சிகரெட் பிடிச்சுக்கிட்டே பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ள நடமாடற அந்தப் பாட்டி ஞாபகம் இருக்கும். அவங்கதான்.

அந்த எபிசோட்ல ஒரு பத்திரிகையாளருக்கு அவங்க பேட்டி குடுக்கிற மாதிரி வரும். அப்படி ஒரு பேட்டி நடக்கவே இல்லை, அது கற்பனை. நடந்த கதையே அதைவிட நூறு மடங்கு பெருசு. அதை ஏன் விட்டுட்டு ஒரு பேட்டியைக் கட்டுனாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

சரி, தொடக்கத்துக்குப் போவோம்.

1885 பிப்ரவரி 25. விண்ட்சர் கோட்டையில் ஆலிஸ் பிறந்தபோது, கொள்ளுப்பாட்டி விக்டோரியா மகாராணியும் அங்கேயே இருந்தார். அப்பா பேட்டன்பர்க் இளவரசர் லூயிஸ். பிறப்பால் ஜெர்மன் குடும்பம், ஆனால் 14 வயதிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தவர். அம்மா ஹெஸ்ஸ இளவரசி விக்டோரியா. குழந்தை பேசத் தாமதமானபோதுதான், பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது என்பது தெரிந்தது. கேட்கும் கருவி எதுவும் உருப்படியாக இல்லாத காலம். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டார். முதலில் ஆங்கிலம், ஜெர்மன். பிறகு பிரெஞ்சு, திருமணத்துக்குப் பின் கிரேக்கம்.

இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சப்டைட்டில் இல்லாம, சத்தத்தை மியூட்ல போட்டுட்டு, நாலு மொழியில படம் பார்க்கிற மாதிரி. அதுவும் எதிர்ல இருக்கிறவர் முகத்தைத் திருப்பிட்டா அந்த வாக்கியம் போச்சு. வாழ்நாள் முழுக்க அப்படி.

1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக லண்டனில் கூடியிருந்த அரச குடும்பக் கூட்டத்தில் கிரீஸ் இளவரசர் ஆண்ட்ரூவைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் திருமணம். மணப்பெண்ணுக்கு வயது 18. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ் நேரில் வந்திருந்தார். ஒரு திருமணம் இல்லை, மூன்று: பதிவுத் திருமணம் ஒன்று, லூத்தரன் முறையில் ஒன்று, ஆர்த்தடாக்ஸ் முறையில் ஒன்று.

கிரீஸ் இளவரசர்னு சொன்னாலும் ஆண்ட்ரூவுக்கு கிரேக்க ரத்தம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. அவரோட அப்பா ஜார்ஜ் டென்மார்க் இளவரசர். 1863-ல கிரீஸுக்கு ஒரு ராஜா தேவைப்பட்டப்போ, 17 வயசுப் பையனா இருந்த அவரைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சாங்க. அந்தக் காலத்து ஐரோப்பாவுல ராஜா வேலைங்கிறது கிட்டத்தட்ட ஆன்சைட் போஸ்டிங் மாதிரி. இந்த ஜார்ஜ் பேரை மறந்துடாதீங்க. கதையோட பின்பாதியில அவர் குடுத்த ஒரு வாக்கு திரும்ப வரும், அவர் செத்து முப்பது வருஷம் கழிச்சு.

இந்தக் குடும்பத்துக்கு வம்சாவளி மரம் வரைய நான் உண்மையிலேயே உட்கார்ந்தேன். ரெண்டு மணி நேரத்துல கைவிட்டுட்டேன். மரத்துல கிளைகள் பிரியணும், திரும்ப ஒண்ணு சேரக் கூடாது. இங்க எல்லாக் கோடும் சுத்திச் சுத்தி விக்டோரியாகிட்டயோ, டென்மார்க் ராஜா ஒன்பதாம் கிறிஸ்டியன்கிட்டயோதான் வந்து நிக்குது. டேட்டா ஸ்ட்ரக்சர் படிச்சவங்களுக்குச் சொல்லணும்னா, இது ட்ரீ இல்ல மக்களே, கிராஃப்.

ஆலிஸ்–ஆண்ட்ரூ தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள். மார்கரீட்டா, தியோடோரா, செசிலி, சோஃபி என்று வரிசையாக நான்கு பெண்கள். பல வருடங்கள் கழித்து, 1921 ஜூன் 10 அன்று, கோர்ஃபு தீவில் கடைசியாக ஒரு பையன். பிலிப். பின்னாளில் எலிசபெத் ராணியின் கணவர் ஆனவர்.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1912, 1913 பால்கன் போர்களில் ஆலிஸ் போர்முனை மருத்துவமனைகளில் செவிலியராக வேலை செய்தார். போட்டோவுக்காகக் கட்டில் பக்கத்தில் நின்ற இளவரசி இல்லை. அறுவை சிகிச்சைகளில் கூட நின்று உதவியவர். அதற்காக பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் ராயல் ரெட் கிராஸ் விருது கொடுத்தார். அதே 1913-ல் மாமனார் ஜார்ஜ் தெசலோனிகி நகரத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருடமே முதல் உலகப் போர்.

போர் வந்தவுடன் இந்தக் குடும்பத்தின் கோடுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஆலிஸின் அப்பா அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் உச்சப் பதவியில் இருந்தார். 46 வருட சர்வீஸ். ஆனால் பேரில் ஜெர்மன் வாடை. பத்திரிகைகளும் பொதுமக்களும் சந்தேகத்தைக் கிளப்ப, 1914 அக்டோபரில் ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. 1917-ல் குடும்பப் பேரையே மாற்றினார்கள். 'பேட்டன்பர்க்' என்பதில் 'பர்க்' என்றால் ஜெர்மன் மொழியில் மலை. அதை ஆங்கிலத்தில் 'மவுண்ட்' ஆக்கி முன்னால் போட்டால் மவுண்ட்பேட்டன். நம்ம பாடப்புத்தகப் பேரு வந்தது இப்படித்தான். பாதி மொழிபெயர்ப்பு, பாதி ரீனேம். ஐந்தாம் ஜார்ஜும் அதே கோடையில்தான் தன் ஜெர்மன் வம்சப் பேரை விட்டுவிட்டு விண்ட்சர் ஆனார்.

1918 ஜூலையில் ரஷ்யாவில் இரண்டு சித்திகளும் போல்ஷெவிக்குகளால் கொல்லப்பட்டார்கள். ஒருவர் பேரரசி அலெக்சாண்ட்ரா. கணவர், ஐந்து பிள்ளைகளோடு யெகாதெரின்பர்க் வீட்டின் அடித்தளத்தில். அடுத்த நாளே இன்னொரு சித்தி எல்லா. இந்த எல்லா சித்தி ஆலிஸ் வாழ்க்கையில் ரொம்ப முக்கியமான ஆள். கணவர் குண்டுவெடிப்பில் இறந்த பிறகு, தன் நகைகளை விற்று மாஸ்கோவில் மார்த்தா–மரியா என்ற பேரில் ஒரு மடம் தொடங்கி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவருடைய உடலைச் சுமந்துகொண்டு போய் கடைசியில் ஜெருசலேமில், ஒலிவ மலையில் இருக்கும் மரிய மக்தலேனா ரஷ்ய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

1922-ல் துருக்கியோடு நடந்த போரில் கிரீஸ் மோசமாகத் தோற்றது. புரட்சி வெடித்தது. தோல்விக்குப் பொறுப்பு என்று ஆறு தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவத்தில் ஒரு படைப்பிரிவின் தளபதியாக இருந்த ஆண்ட்ரூவையும் கைது செய்து விசாரித்தார்கள். பிரிட்டன் தலையிட்டது. நாடு கடத்தலோடு தப்பித்தார். எச்.எம்.எஸ். கலிப்சோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஒன்றரை வயது பிலிப்புக்கு ஆரஞ்சுப் பழப் பெட்டியைத்தான் தொட்டிலாக்கினார்கள்.

பாரிஸ் பக்கத்தில் சாங்-க்ளூ என்ற இடத்தில், ஆண்ட்ரூவின் அண்ணி மரி போனபார்ட் கொடுத்த வீட்டில் தங்கினார்கள். மரி போனபார்ட் நெப்போலியனின் தம்பி வழி வந்தவர், பெரும் பணக்காரர், அதோடு சிக்மண்ட் ஃப்ராய்டின் சிஷ்யை. ஃப்ராய்ட் கதைக்குள்ள வர்றது இந்த வழியாத்தான்.

இனிமே வர்ற பகுதிதான் என்னை இந்த எபிசோட் பண்ண வச்சது.

1928-ல் ஆலிஸ் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அவர் நடவடிக்கை மாறியது. தனக்குத் தெய்வச் செய்திகள் வருவதாகச் சொன்னார். தன் கைகளால் நோயைக் குணப்படுத்த முடியும் என்று நம்பினார். 1930-ல் பெர்லின் அருகே டேகல் மருத்துவமனையில் சேர்த்தார்கள். எர்ன்ஸ்ட் ஸிம்மல் என்ற மனோவைத்தியர் பரனாய்ட் ஸ்கிஸோஃப்ரீனியா என்று கண்டறிந்தார். ஃப்ராய்டிடம் ஆலோசனை கேட்டார். ஃப்ராய்ட் சொன்ன யோசனை என்ன தெரியுமா? இது பாலியல் ஏக்கத்தால் வரும் மாயை, அதனால் சூலகத்தின் மேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சி மாதவிடாய் நிற்பதைத் துரிதப்படுத்துங்கள் என்று. அப்படியே செய்தார்கள்.

ஒரு 45 வயசுப் பெண். ஏற்கெனவே காது கேட்காது. அவங்க உடம்புல கதிர் பாய்ச்சறதைப் பத்தி ரெண்டு ஆம்பளை டாக்டர்கள் பேசி முடிவு பண்றாங்க. ஃப்ராய்டைப் பத்தி இன்ஸ்டாகிராம்ல கோட்ஸ் போடறவங்க இந்தச் சம்பவத்தையும் ஒரு தடவை போடலாம்.

1930 மே 2. ஆலிஸ் தன் அம்மாவோடு டார்ம்ஸ்டாட்டில் தங்கியிருந்தார். பிலிப்பை அன்று வெளியே அழைத்துப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் டாக்டர் வந்து, மயக்க மருந்து கொடுத்து, ஆலிஸைக் காரில் ஏற்றி, சுவிட்சர்லாந்தின் க்ரொய்ஸ்லிங்கன் ஊரில் லுட்விக் பின்ஸ்வாங்கர் நடத்திய மனநலக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி எல்லாம் இருந்த இடம் அது. வசதியான இடம்தான், ஆனால் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்ட இடம். பிலிப் திரும்பி வந்தபோது அம்மா இல்லை. அவனுக்கு இன்னும் ஒன்பது வயது முடியவில்லை.

அப்புறம் அந்தக் குடும்பம் கலைஞ்ச வேகம் இருக்கே. 1930 டிசம்பருக்கும் 1931 ஆகஸ்டுக்கும் இடையில், ஒன்பதே மாதத்தில், நான்கு மகள்களுக்கும் ஜெர்மன் இளவரசர்களோடு திருமணம் முடிந்துவிட்டது. காப்பகத்தில் இருந்த அம்மா ஒரு திருமணத்துக்குக்கூட வரவில்லை. அப்பா ஆண்ட்ரூ பிரான்ஸின் தென்கடற்கரைக்குப் போய், அங்கேயே ஒரு காதலியோடு வாழ்ந்தார். பிலிப் இங்கிலாந்தில் பாட்டி வீடு, மாமா வீடு, போர்டிங் ஸ்கூல் என்று சுற்றினான். இந்த மாமாவை எல்லாரும் நம்ம மவுண்ட்பேட்டன்னே நினைச்சுக்கறாங்க. அந்த வருஷங்களில் உண்மையில் கார்டியனாக இருந்தது மூத்த தாய்மாமன் ஜார்ஜ். அவர் 1938-ல் புற்றுநோயில் இறந்த பிறகுதான் சின்ன மாமா அந்த இடத்துக்கு வந்தார்.

ஆலிஸ் இரண்டரை வருடம் காப்பகத்தில் இருந்தார். எனக்கு மனநோய் இல்லை, வெளியே விடுங்கள் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். 1932-ல் விட்டார்கள். அதன் பிறகு அவர் குடும்பத்தைத் தேடிப் போகவில்லை. தன் அம்மாவைத் தவிர கிட்டத்தட்ட எல்லோரிடமிருந்தும் விலகி, ஜெர்மனியில் சின்னச் சின்ன விடுதிகளில், யாரென்று காட்டிக்கொள்ளாமல் வாழ்ந்தார். 1932 கோடை முதல் 1937 வசந்தம் வரை பிலிப்புக்கு அம்மாவிடமிருந்து ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூட வரவில்லை.

நிறையப் பேர் இந்தக் கதையைச் சொல்லும்போது, "அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, சும்மா அடைச்சு வச்சுட்டாங்க"ன்னு முடிச்சிடறாங்க. எனக்கு அப்படித் தோணல. அந்த அறிகுறிகளைப் படிச்சா ஏதோ ஒரு நோய் இருந்திருக்கும்னுதான் தோணுது. நோய் இருக்கிறவங்களையும் கேட்டுட்டுத்தான் வைத்தியம் பண்ணணும். பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும். என் கோபம் அந்த இடத்துல. பல வருஷம் கழிச்சு இதைப் பத்திக் கேட்டப்போ பிலிப் ரொம்ப சாதாரணமா பதில் சொல்லியிருக்கார்: குடும்பம் கலைஞ்சு போச்சு, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அக்காங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, அப்பா தெற்கு பிரான்ஸ்ல இருந்தார், நான் சமாளிச்சுத்தான் ஆகணும் என்கிற மாதிரி.

அவர்களைத் திரும்பச் சேர்த்தது ஒரு சாவு வீடு. 1937 நவம்பர் 16. மூன்றாவது மகள் செசிலி, கணவர், இரண்டு சின்னப் பையன்கள், மாமியார் எல்லோரும் லண்டனில் நடக்கவிருந்த மைத்துனர் திருமணத்துக்காக விமானத்தில் கிளம்பினார்கள். பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் அருகே மூடுபனியில் விமானம் ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியில் மோதி விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை. செசிலி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. டார்ம்ஸ்டாட்டில் நடந்த இறுதிச் சடங்கில்தான் ஆலிஸும் ஆண்ட்ரூவும் ஆறு வருடம் கழித்து முதல் முறையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். 16 வயது பிலிப் சவப்பெட்டிகளுக்குப் பின்னால் நடந்தான். அந்த ஊர்வலப் புகைப்படம் இன்னும் இருக்கிறது. அவனைச் சுற்றி நாஜி சீருடைகள். ஹெர்மன் கோரிங்கும் வந்திருந்தார்.

இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. செசிலியும் கணவரும் அந்த வருஷம்தான் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார்கள். கடைசி மகள் சோஃபியின் கணவர் கிறிஸ்டோஃப் எஸ்.எஸ். அதிகாரி; கோரிங்கின் தொலைபேசி ஒட்டுக்கேட்பு அமைப்பில் பெரிய பொறுப்பில் இருந்தவர். மூத்த மகனுக்கு அவர்கள் வைத்த பேரில் 'அடால்ஃப்' இருக்கிறது. யார் நினைவாக என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக, இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது நிலைமை இது. மருமகன்கள் ஜெர்மன் பக்கம். ஒரே மகன் பிரிட்டிஷ் கடற்படையில். 1941 மார்ச்சில் கிரீஸுக்குத் தெற்கே மட்டபான் முனையில் நடந்த கடற்போரில் பிலிப் எச்.எம்.எஸ். வேலியன்ட் கப்பலின் தேடுவிளக்குகளை இயக்கினார். அடுத்த மாதமே ஜெர்மன் படை ஏதென்ஸுக்குள் நுழைந்தது. அந்த ஏதென்ஸில்தான் ஆலிஸ் இருந்தார்.

1938-லேயே அவர் அங்கே திரும்பிப் போய் ஒரு சின்ன பிளாட்டில் ஏழைகளுக்கு உதவி செய்துகொண்டிருந்தார். கிரேக்க அரச குடும்பம் மொத்தமும் தென்னாப்பிரிக்கா, எகிப்து என்று தப்பித்துப் போனபோது, இரண்டே இரண்டு பேர் மிஞ்சினார்கள்: ஆலிஸ், அவருடைய ஓரகத்தி இளவரசி எலெனா. மைத்துனர் ஜார்ஜின் மூன்று மாடி வீட்டுக்குக் குடிபோய், செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலை செய்தார். பஞ்சத்தில் நகரமே பட்டினி கிடந்தபோது கஞ்சித்தொட்டிகள் நடத்தினார். தங்கை லூயிஸைப் பார்க்கப் போகிறேன் என்று காரணம் சொல்லி ஸ்வீடனுக்குப் பறந்து மருந்துகள் கொண்டுவந்தார்.

மருமகன்கள் ஜெர்மன்காரர்கள் என்பதால், இவரும் நம்ம ஆளு என்று ஜெர்மானியர்கள் நினைத்தார்கள். ஒரு ஜெர்மன் தளபதி பார்க்க வந்து, உங்களுக்கு நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டாராம். உங்கள் படையை என் நாட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று பதில் வந்ததாம்.

1943 செப்டம்பர் வரை ஏதென்ஸ் இத்தாலியக் கட்டுப்பாட்டில் இருந்தது. யூதர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். இத்தாலி சரணடைந்தவுடன் ஜெர்மனி நேரடியாகப் பொறுப்பெடுத்தது, வேட்டை தொடங்கியது. வடக்கே தெசலோனிகியில் இருந்த பெரிய யூத சமூகத்தை அதற்குள் ரயிலேற்றி அவுஷ்விட்ஸுக்கு அனுப்பி முடித்திருந்தார்கள். கிரீஸ் யூதர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் அந்தப் போரில் அழிந்தார்கள்.

திரிக்கலா ஊரைச் சேர்ந்த ஹைமாகி கோஹன் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். 1913-ல் அரசர் ஜார்ஜுக்கு ஒரு உதவி செய்திருந்தார். பதிலுக்கு, உங்களுக்கு எப்போது என்ன தேவைப்பட்டாலும் கேளுங்கள் என்று அரசர் சொல்லியிருந்தார். நான் முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்ன அந்த ஜார்ஜ்தான். அந்த வருஷமே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1943-ல் ஹைமாகியும் உயிரோடு இல்லை. மனைவி ரேச்சலும் ஐந்து பிள்ளைகளும் ஏதென்ஸில் ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் எகிப்துக்குத் தப்பிப் போய் போரில் சேரத் திட்டமிட்டார்கள். அந்தப் பயணம் அம்மாவுக்கும் தங்கை டில்டேவுக்கும் முடியாத காரியம். அப்போது அந்தப் பழைய வாக்கு பையன்களுக்கு ஞாபகம் வந்தது. விஷயம் ஆலிஸ் காதுக்குப் போனது.

வாக்கு கொடுத்த மாமனார் இல்லை. வாக்கு வாங்கியவரும் இல்லை. எழுத்தில் எதுவும் இல்லை. பிடிபட்டால் அரசியும் கிடையாது, இளவரசியும் கிடையாது. ஆலிஸ் அவர்களைக் கூட்டி வந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டார். எகிப்துக்குப் போக முடியாமல் திரும்பி வந்த இன்னொரு மகனும் பிறகு சேர்ந்துகொண்டான். மூன்று பேர், ஒரு வருடம்.

கெஸ்டபோவுக்குச் சந்தேகம் வந்தது. ஆலிஸை விசாரித்தார்கள். அப்போது அவர் செய்தது எளிமையான ஒரு வேலை: தனக்குக் காது கேட்காது, அவர்கள் கேட்பது எதுவும் புரியவில்லை என்று காட்டிக்கொண்டார். ஜெர்மன் உதட்டசைவைச் சின்ன வயதிலிருந்தே படித்த பெண், அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார். 1930-ல் இவரைப் பேசவிடாமல் காரில் ஏற்றிய அதே உலகம், 1943-ல் பாவம் காது கேட்காத கிழவி என்று விட்டுவிட்டுப் போனது. 1944 அக்டோபரில் ஏதென்ஸ் விடுதலையானது. மூன்று வாரம் கழித்துத்தான் கோஹன் குடும்பம் அந்த வீட்டை விட்டுக் கிளம்பியது.

அதே 1943 அக்டோபரில், சோஃபியின் கணவர் கிறிஸ்டோஃப் இத்தாலி மலையில் விமான விபத்தில் இறந்தார். ஒரு பக்கம் எஸ்.எஸ். மருமகனின் சாவுச் செய்தி, இன்னொரு பக்கம் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் யூதக் குடும்பம். விதவையான மகளைப் பார்த்து ஆறுதல் சொல்ல அடுத்த ஜனவரியில் ஜெர்மனிக்கும் போய் வந்தார். ரெண்டையும் ஒரே ஆள் எப்படி மனசுல வச்சிருந்தாங்கன்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். மகள் மகள்தான்னு இருந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். வேற விளக்கம் எனக்குத் தெரியல.

1944 டிசம்பரில் கணவர் ஆண்ட்ரூ மான்டே கார்லோவில் இறந்தார். அதே மாதம் ஏதென்ஸ் தெருக்களில் கம்யூனிஸ்டுகளுக்கும் பிரிட்டிஷ், அரசுப் படைகளுக்கும் சண்டை. ஊரடங்கை மதிக்காமல் ஆலிஸ் தெருவில் இறங்கிக் குழந்தைகளுக்கு உணவு கொடுத்துக்கொண்டிருந்தார். குண்டு பட்டுச் சாகப் போகிறீர்கள் என்று எச்சரித்தார்கள். நம்மைக் கொல்லும் குண்டின் சத்தம் நமக்குக் கேட்காது என்கிறார்கள், எனக்குத்தான் எப்படியும் காது கேட்காதே, அப்புறம் என்ன கவலை என்றாராம்.

1947 நவம்பர் 20, வெஸ்ட்மின்ஸ்டர் அபே. பிலிப்புக்கும் எலிசபெத்துக்கும் திருமணம். நிச்சயதார்த்த மோதிரத்தின் வைரங்கள் ஆலிஸின் தலையணியிலிருந்து எடுத்தவை. மாப்பிள்ளையின் அம்மா வந்தார். உயிரோடிருந்த மூன்று அக்காக்களுக்கும் அழைப்பு இல்லை. போர் முடிந்து இரண்டே வருஷம், ஜெர்மன் சம்பந்திகளை லண்டன் மக்கள் முன் நிறுத்த யாருக்கும் தைரியமில்லை.

1949-ல் எல்லா சித்தியின் வழியில், அதே மார்த்தா–மரியா பேரில், கிரீஸில் செவிலியர் சகோதரிகள் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அன்று முதல் சாம்பல் அங்கிதான். 1953 முடிசூட்டு விழாவில் வைரக் கூட்டத்துக்கு நடுவில் அந்த உடையில்தான் நடந்தார். அவருடைய அம்மாவுக்கு மட்டும் இது சரிப்பட்டு வரவில்லை. சிகரெட் பிடிக்கிற, சீட்டு விளையாடுற கன்னியாஸ்திரியை எங்கயாவது பார்த்திருக்கீங்களா என்கிற தொனியில் கேட்டாராம். அமைப்பில் சேர ஆள் வராமல் கடைசியில் அது நின்றுபோனது.

நம்ம நாட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். 1960-ல், சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சராக இருந்த ராஜ்குமாரி அம்ரித் கௌர் அழைப்பின் பேரில். இந்திய ஆன்மிகத்தில் ஆலிஸுக்கு ஆர்வம். பாதியில் உடம்பு சரியில்லாமல் போய், பயணத்தை வெட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. அதே சமயம் டெல்லி வழியாகப் போன தம்பி மனைவி எட்வினாதான் விருந்தளித்தவர்களைச் சமாதானப்படுத்தினார். அந்த நோயின்போது தன் உயிர் உடம்பை விட்டு வெளியே போய் வந்த மாதிரி ஒரு அனுபவம் கிடைத்ததாக ஆலிஸ் பின்னால் சொன்னார். 1930-ல சொல்லியிருந்தா இதுக்கும் ஒரு டாக்டர் வந்திருப்பார்.

குடும்ப உறவுன்னு பேசறதால இன்னொரு விஷயம், கொஞ்சம் சயின்ஸ். 1991-ல் யெகாதெரின்பர்க் பக்கத்தில் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். ரஷ்ய அரச குடும்பம்தானா என்று எப்படி உறுதி செய்வது? மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். விக்டோரியா மகாராணி, அவர் மகள், அந்த மகளின் மகள்கள் என்று ஒரே தாய்வழிக் கோடு. அந்தக் கோட்டில் ஒரு முனையில் பேரரசி அலெக்சாண்ட்ரா. இன்னொரு முனையில் அக்கா விக்டோரியா, அவர் மகள் ஆலிஸ், ஆலிஸின் மகன் பிலிப். பிலிப் ரத்த மாதிரி கொடுத்தார். பேரரசியும் அவருடைய மூன்று மகள்களும் என்று கருதப்பட்ட எலும்புகளோடு அது பொருந்தியது. 75 வருஷத்துக்கு முன்னால் கொலையான சின்னப் பாட்டியின் அடையாளம், அம்மா கொடுத்த டி.என்.ஏ. வழியாக வந்து சேர்ந்தது.

1967-ல் கிரீஸில் ராணுவத் தளபதிகள் ஆட்சியைப் பிடித்த பிறகு, மகனும் மருமகளும் அழைத்து ஆலிஸ் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வந்தார். அங்கேயே 1969 டிசம்பர் 5 அன்று, 84 வயதில் இறந்தார். சொத்து என்று சொல்ல ஒன்றும் விட்டுப் போகவில்லை. எல்லாவற்றையும் முன்பே கொடுத்து முடித்திருந்தார். ஒரே ஒரு ஆசை மட்டும் சொல்லி வைத்திருந்தார். ஜெருசலேமில், எல்லா சித்தி பக்கத்தில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும். அவ்வளவு தூரம் நாங்கள் எப்படி வந்து பார்ப்பது என்று மகள் கேட்டதற்கு, நல்ல பஸ் வசதி இருக்கே என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

முதலில் விண்ட்சரில்தான் வைத்தார்கள். 1988 ஆகஸ்டில், 19 வருஷம் கழித்து, ஒலிவ மலைக்குக் கொண்டுபோனார்கள். யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தவருக்கு இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் கொடுக்கும் அங்கீகாரம் 1993-ல் அவருக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் பிலிப்பும் அக்கா சோஃபியும் அங்கே போனார்கள். ஆமா, அதே சோஃபி. 1947 கல்யாணத்துக்குக் கூப்பிடப்படாத அக்கா. இருவரும் அம்மா பேரில் ஒரு மரம் நட்டார்கள். கோஹன் குடும்பத்தை ஒளித்து வைத்ததைப் பற்றி அம்மா தங்களிடம் எதுவும் சொன்னதில்லை என்றும், தான் செய்தது ஏதோ சிறப்பான காரியம் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது என்றும் பிலிப் அங்கே பேசினார்.

இவ்வளவுதான் மக்களே இந்த வாரம். எல்லா சித்திக்குத் தனியா ஒரு எபிசோட் வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, ரஷ்யப் பேரெல்லாம் இப்பவே உச்சரிச்சுப் பழகிக்கறேன்.